சுபம் என்ற கட்டளை

என் வலது மணிக்கட்டு பிசகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அசோகா ரோட்டில் மழைத் தண்ணீரில் என் லூனா மொபெட் வழுக்கியது. நான் விழுந்தேன். லூனாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, எனக்குக் கையில் முழங்கை வரை கட்டு. 1999 கார்த்திகை மாதம், கல்யாண சீசன், நான் வேலை பார்த்த மங்கள அச்சகத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லாத வாரம் அது.

மங்கள அச்சகம் மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் அடிப்போம். பத்திரிகை வடிவமைக்க ஐந்து கம்ப்யூட்டர்கள். அந்த ஐந்துக்கும் பொதுவாக, மூலையில் மூடியில்லாமல் நிற்கும் ஒரு சர்வர். அதை நான்தான் பழைய சாமான்களைப் பொறுக்கிச் சேர்த்து, லினக்ஸ் போட்டு, உயிர் கொடுத்து வைத்திருந்தேன். மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்குப் படிக்க வந்தவள் நான், பெயர் கனகா. வீட்டில் என் பேச்சை யாரும் கேட்டதில்லை, தம்பி முதல் எருமை வரை. இந்த மெஷின் கேட்டது. ஒரு வரி எழுதினால் அந்த வரியை அப்படியே செய்தது. அதனால் எனக்கு அதன் மேல் அப்படியொரு பிரியம், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சர்வரில் சாம்பா என்றொரு புரோகிராம் எந்நேரமும் விழித்திருக்கும். ஐந்து கம்ப்யூட்டர்களில் எது வந்து கேட்டாலும் பொதுக் கோப்புறையைத் திறந்து காட்டுவது அதன் வேலை. அதைச் சாம்பார் என்று சொல்லிச் சிரித்த பதினோரு பேரை இதுவரை முறைத்திருக்கிறேன்.

முதலாளி கிச்சா சார் பன்னிரண்டாவது ஆள். நல்ல மனிதர்தான், அதனால் பாதி முறைப்போடு விட்டுவிட்டேன். ஆனால் அவருடைய அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் தாளும் அடியில் 'சுபம்' என்ற சொல் இல்லாமல் மாடியை விட்டு இறங்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகைக்குச் சரி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற புகாரின் அடியிலும் சுபம். காகிதக் கடைக்காரரைக் கிழிகிழியென்று கிழித்து எழுதிய கடிதத்தில், கிழித்து முடித்ததும், சுபம். புரூஃப் திருத்தும்போது மாப்பிள்ளை பெயரை அடிக்கலாம், மண்டபத்தை அடிக்கலாம், சுபத்தின் மேல் மட்டும் பேனா படக் கூடாது.

சட்டத்தைக் காப்பவர் வாலாம்பாள் மாமி. கிச்சா சாருக்குப் பெரியம்மா பெண். மைசூரிலேயே அவ்வளவு வேகமாக டைப் அடிக்கிறவர் வேறு யாரும் இல்லை என்று சொல்லிக்கொள்வார், அது உண்மையும்கூட. சேர்ந்த முதல் வாரமே அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"எல்லாத்துக்கும் கீழ எதுக்குங்க மாமி சுபம்? பில்லுல கூடவா?"

"பின்னே? நீ சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சுட்டேன்னு படிக்கறவாளுக்கு எப்படித் தெரியும்? கடைசித் தாள் எங்கயோ விழுந்துடுத்துன்னு நெனச்சுண்டு தேடிண்டிருப்பா."

"தேடட்டுமுங்க," என்றேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் ஒரு கூத்து நடந்தது. குண்டலுபேட்டையில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கும் நஞ்சுண்டசாமி தன் மகள் அக்ஷதாவுக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார். மாப்பிள்ளை பெயர் பாலன். அதே நாள் கொள்ளேகாலத்திலிருந்து மாரிசாமி என்றொரு மாப்பிள்ளையின் பத்திரிகையும் வந்தது. எங்கள் வடிவமைப்பாளர் ஸ்ரீகுமார் ஒன்றைத் திறந்து, பெயர்களைப் பாதி மட்டும் மாற்றி, இன்னொன்றின் மேல் சேமித்துத் தொலைத்தான். அக்ஷதாவுக்கும் மாரிசாமிக்கும் கல்யாணம் என்று எண்ணூறு பத்திரிகை அடித்து, கட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியும் விட்டோம்.

நஞ்சுண்டசாமி மறுநாளே கட்டோடு வந்து இறங்கினார். "ஏன் ஸ்வாமி, நான் பொண்ணு கொடுக்கிறது பாலனுக்கு. நீங்க யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். கொள்ளேகால மாரிசாமி அதைவிடக் கெட்டிக்காரன். விஷயம் காதில் விழுந்ததும் போன் பண்ணி, "பொண்ணு போட்டோ இருந்தா அனுப்புங்கண்ணா, பார்த்துட்டுச் சொல்றேன்," என்றான்.

நாங்கள் சிரித்தோம், கிச்சா சார் சிரிக்கவில்லை. பழைய கோப்பு அழிந்துவிட்டது, முதலிலிருந்து வடிவமைக்க வேண்டும். "நேத்து பண்ணினதுக்கு ஒரு நகல்கூட இல்லைன்னா அது என்னம்மா சர்வர்? சும்னே, வெறுமனே மூலையில இடத்தை அடைச்சிண்டு," என்று கத்தினார். பெங்களூரில் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியிலிருந்து விஜய்குமார் என்பவரை வரவழைத்து, புதிய சர்வர் ஒன்றுக்கு விலைப்பட்டியல் வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள அவர்களே மாதம் ஒருமுறை ஆள் அனுப்புவார்களாம். அப்படியென்றால் எனக்கு இங்கே என்ன வேலை?

 வேறு வேலை எங்காவது கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. இந்த வேலை கிடைக்காது. நேராக அவர் அறைக்குள் போனேன்.

"ஒரு வாரம் குடுங்க சார். இனிமேல் நகல் எடுக்காம ஒரு கம்ப்யூட்டர்கூட உள்ள போக முடியாது. வாசல்லயே நிறுத்திப்போடறேன்."

கிச்சா சார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "சனிக்கிழமை மூணு மணிக்கு எமகண்டம் முடியறது. விஜய்குமாரையும் வரச்சொல்றேன், நஞ்சுண்டசாமியும் பத்திரிகை வாங்க வரார். எல்லார் முன்னாடியும் நீ சொன்ன மாதிரி நடந்தா நீயும் உன் டப்பாவும் இங்கயே பர்மனெண்ட். நடக்கலேன்னா ரெண்டு பேருக்கும் நமஸ்காரம். ஆகலாமா?"

"ஆகட்டுமுங்க," என்றேன்.

சாம்பாவில் ஓர் அருமையான வசதி உண்டு. யாராவது கோப்புறையைத் திறக்க வந்தால், திறப்பதற்கு முன் வெளியே உள்ள ஒரு கட்டளைத் தொகுப்பை ஓட்டிவிட்டு வா என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். அந்தத் தொகுப்பில் நாம் எதையும் எழுதலாம். ஓடி முடிந்ததும் அது ஓர் எண்ணைப் பதிலாகத் தரும். பூஜ்யம் என்றால் எல்லாம் நலம், திற. வேறு எந்த எண் வந்தாலும் ஏதோ கோளாறு, திறக்காதே. தொகுப்பின் கடைசி வரி என்ன பதில் சொல்கிறதோ அதுதான் மொத்தத்துக்கும் பதில்.

நான் நினைத்தது இவ்வளவுதான். கம்ப்யூட்டர் வந்து கேட்கும், கட்டளை ஓடும், கோப்புகளெல்லாம் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் நகலாகும், நகல் ஆனால்தான் கதவு திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். அன்றைக்குப் பார்த்து லூனா வழுக்கியது.

இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினால் சனிக்கிழமை முடிந்து ஞாயிறு வந்துவிடும். பத்து வரிகளையும் ஒரு தாளில் கோணல்மாணலாக எழுதி மாமியிடம் கொடுத்தேன். சர்வரின் கறுப்புத் திரையில் எப்படி அடிப்பது, எதை அழுத்திச் சேமிப்பது, எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று காட்டினேன். "ஒரு புள்ளி மாறக் கூடாதுங்க மாமி," என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, கட்டு மாற்றிக்கொள்ள ஆஸ்பத்திரி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தபோது மாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார். "ஆச்சுடி. ஓட்டியும் பார்த்தேன், டிக்கு டிக்குன்னு சத்தம் போட்டுண்டு ஓடித்து." நான் இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தேன். எல்லாக் கோப்புகளும் சமர்த்தாக வந்து உட்கார்ந்திருந்தன. அதோடு விட்டேன். தாளையும் திரையையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். கை வலி, சோம்பல், மாமியின் வேகத்தின் மேலிருந்த மரியாதை, எல்லாம் சேர்ந்து கெடுத்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மாடி நிறைந்திருந்தது. ஐந்து கம்ப்யூட்டர்களின் முன்னாலும் ஆட்கள். நஞ்சுண்டசாமி ஒரு முக்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஐந்தரை மணி பஸ். விஜய்குமார் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கிச்சா சார் சர்வருக்கு ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தார்.

நான் சாம்பாவின் அமைப்புகளில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, "திறடா ஸ்ரீகுமார்," என்றேன்.

ஸ்ரீகுமார் திறந்தான். டிஸ்க் சத்தம் போட்டது. உள்ளே போக அனுமதி இல்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. அடுத்த கம்ப்யூட்டரிலும் அதே பெட்டி. ஐந்திலும் அதே. நஞ்சுண்டசாமி, "ஆயித்தா, முடிஞ்சுதா?" என்று எழுந்தார்.  எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம், எங்க சர்வர்ல இதெல்லாம் ரெடிமேடா வரும்," என்றார் விஜய்குமார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவருடைய டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

சாம்பா தன் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். இடது கையால் திறந்து பார்த்தேன். கட்டளை 127 என்று பதில் சொன்னது, அதனால் திறக்கவில்லை என்று இருந்தது. 127 என்றால், நீ சொன்ன பெயரில் எனக்குக் கட்டளை எதுவும் தெரியாது என்று அர்த்தம். எந்தப் பெயர்? நான் எழுதியவை எல்லாம் அதற்குத் தெரிந்தவைதானே! தொகுப்பைத் திறந்து கடைசி வரிக்கு வந்தேன். என் பத்து வரிகளும் ஒரு புள்ளி மாறாமல் இருந்தன. பதினோராவதாக ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்தில், முதல் எழுத்து பெரிதாக, நடுவில் அழகாக இடம்விட்டு: சுபம்.

"மாமி!"

என் சத்தத்தில் கீழே பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தாராம்.

"என்னங்க இது? யாருங்க உங்களைச் சுபம் போடச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எழுதினது முடிஞ்சா போட வேண்டியதுதானே," என்றார் மாமி நிதானமாக. "நீதான் மறந்துட்டே, கைவலியில. அன்னிக்கு ஓட்டிப் பார்த்தப்பகூட கடைசில அந்த வார்த்தை திரையில வந்துது. பரவாயில்லையே, மெஷின் நம்ம சுபத்தைப் படிச்சுடுத்துன்னு சந்தோஷப்பட்டேன்."

படித்ததுதான். சுபம் என்றொரு கட்டளை போலிருக்கிறது என்று நினைத்து, ஊரெல்லாம் தேடி, கிடைக்கவில்லை என்று அழுதிருக்கிறது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "ஒரு நிமிஷம், இதை அழிச்சுட்டாச் சரியாப்போகும்," என்று விரலைக் கொண்டு போனேன்.

"ஏய்!" என்று மூன்று குரல்கள்.

"சுபத்தை அழிக்கறதா? கல்யாண வீட்டுக்காரர் முன்னாடியா?" கிச்சா சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பேடம்மா, பேடா, வேண்டாம்," என்று நஞ்சுண்டசாமி இரண்டு கைகளையும் ஆட்டினார். "ஒரு தடவை மாப்பிள்ளை மாறிப்போச்சு, சும்மா இருந்தேன். இப்போ என் கண் முன்னாடி சுபத்தை அழிச்சா அந்தப் பத்திரிகையை நான் தொட மாட்டேன்."

"அழிக்கலைங்க, முன்னால ஒரு குறி போட்டா மெஷின் அதைப் படிக்காம விட்டுடும்..."

"இருக்கட்டும், ஆனா யாரும் மதிக்க வேண்டாம்னா?" என்றார் மாமி. "அதுக்கு அழிச்சே தொலைக்கலாம்."

தலையில் அடித்துக்கொள்ள வலது கையைத் தூக்கினேன், வலி உயிர் போயிற்று. சரி, உங்களுக்குச் சுபம்தானே வேண்டும்? மெஷினுக்குச் சுபம் தெரியவில்லை, அவ்வளவுதானே? தெரிய வைத்தால் போயிற்று. "மாமி, உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க," என்றேன்.

சுபம் என்ற பெயரிலேயே ஒரு புதிய கட்டளை. உள்ளே ஒரே வரி: பூஜ்யம் என்று பதில் சொல், போ. மாமி கண் மூடித் திறப்பதற்குள் அடித்தார். அடித்து முடித்து விரலைத் தூக்கினவர், "கனகா, இதுக்குக் கடைசில சுபம் போடட்டுமா?" என்றார்.

"ஐயோ, வேண்டாமுங்க! சுபத்துக்குள்ள சுபம் போட்டா அது தன்னையே கூப்பிட்டுக்கிட்டுக் கிடக்கும், முடியவே முடியாது!"

"அப்படியா? சரி சரி," என்று கையை எடுத்துக்கொண்டார்.

"ஸ்ரீகுமார், திற."

டிஸ்க் சத்தம் போட்டது. கோப்புறை பளிச்சென்று விரிந்தது. அடுத்த கம்ப்யூட்டரிலும் விரிந்தது. ஐந்திலும் விரிந்தது. ஸ்ரீகுமார் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். அக்ஷதாவும் பாலனும் சரியான ஜோடியாகத் திரையில் வந்ததும் நஞ்சுண்டசாமி கும்பிட்டார். பத்திரிகை அச்சுக்குப் போயிற்று.

விஜய்குமார் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "மேடம், ஒரு சின்ன சந்தேகம். கடைசி வரி எப்பவும் ஓகேன்னே சொல்லுது. நகல் எடுக்கிற டிஸ்க் ரொம்பிப்போய் நகலே ஆகலேன்னாலும், உங்க சுபம் ஓகேன்னுதானே சொல்லும்?"

பளாரென்று அறைந்தது போலிருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆத்திரத்தில் நான் செய்து வைத்தது, என்ன நடந்தாலும் நலம் என்று சொல்லும் ஒரு பொய். கதவுக்கு வைத்த காவலை நானே தூங்க வைத்துவிட்டேன். கிச்சா சார் என்னைப் பார்த்தார். மழுப்பியிருக்கலாம், அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்த மெஷினிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.

"ஆமாங்க," என்றேன். "அவர் சொல்றது சரிதானுங்க சார். இப்போ இருக்கிற சுபம் வெறும் சுபம். அஞ்சு நிமிஷம் குடுங்க."

கிச்சா சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மாமி மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை நான் யோசித்து, நிதானமாகச் சொன்னேன். மூலக் கோப்புகளையும் நகலையும் ஒன்றோடொன்று ஒப்பிடு. எல்லாம் ஒன்றாக இருந்தால் மட்டும் பூஜ்யம் சொல். ஒன்று குறைந்தாலும், ஒன்று மாறினாலும், வாயைத் திறந்து கோளாறு என்று சொல். மாமி அடிக்க அடிக்கத் தாமாகவே தலையாட்டிக்கொண்டார். "இப்பதான் சுபம் மாதிரி இருக்கு," என்றார்.

விஜய்குமார் தன் பையில் கொண்டுவந்திருந்த சிடியையே வாங்கி, அதிலிருந்த எல்லாவற்றையும் இரண்டாவது டிஸ்க்கில் கொட்டினேன். மிச்சமிருந்த இடமெல்லாம் நிரம்பி வழிந்தது. நகலெடுப்பதற்கென்று பொதுக் கோப்புறையில் புதிதாக ஒரு கோப்பையும் போட்டேன். ஸ்ரீகுமார் திறந்தான். நகலுக்கு இடமில்லை, ஒப்பீடு தோற்றது, சுபம் மறுத்தது, கதவு திறக்கவில்லை. கதவு திறக்காததற்கு அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். கொட்டியதை அழித்தேன். ஸ்ரீகுமார் மறுபடி திறந்தான். திறந்தது.

கிச்சா சார் மெதுவாக, "அப்போ எல்லாம் நல்லபடியா முடிஞ்சாத்தான் இது சுபம்னு சொல்லும், அல்வா, அப்படித்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்."

"முப்பது வருஷமா நான் போட்ட சுபமெல்லாம் சும்னே போட்டதும்மா. இதுதான் நிஜம்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஜய்குமார் விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். போகும்போது அந்தக் கட்டளையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நஞ்சுண்டசாமி பத்திரிகைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கி ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தார்.

ஐந்தே முக்காலுக்குக் கிச்சா சார் என் நியமனக் கடிதத்தை மாமியிடம் சொல்லி அடிக்கச் செய்து, கையெழுத்துப் போட்டு, நான் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டி என்னிடம் நீட்டினார். வாங்கி வரி வரியாகப் படித்தேன்.  என் பெயர் இருந்தது, அப்பா மல்லப்பன் பெயர் இருந்தது, மார்டள்ளி இருந்தது, சர்வர் பொறுப்பாளர் என்று இருந்தது, பர்மனெண்ட் என்று இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி முன்பக்கம் பார்த்தேன்.

"மாமி, இது இன்னும் முடியலைங்க."

"ஏண்டி, எல்லாம் இருக்கே?"

"கடைசித் தாள் எங்கயோ விழுந்துடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

மாமி என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ கத்துவியோன்னு பயந்துண்டு விட்டேண்டி, அசடு," என்றார்.  தாளை டைப்ரைட்டரில் மறுபடி ஏற்றி, நடுவில் அழகாக இடம்விட்டு, அந்த ஒரு சொல்லை அடித்துக் கொடுத்தார்.

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். சுபத்தின் மேல் பேனா படாமல் பார்த்துக்கொண்டேன்.